நூற்றிருபது டிக்கெட்டில் ஒன்று

எண்ணெய்க் கம்பெனி ஊரைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் காவல். பாஸ் இல்லாமல் ஈ, காக்கை உள்ளே போகாது. அந்த வேலிக்குள் நிஜமான புல் முளைத்த மைதானம் ஒன்று இருக்கிறது என்று சொல்வார்கள். நாங்கள் பார்த்த பஹ்ரைன் முழுக்க மணலும் சுண்ணாம்புக் கல்லுந்தான். அதனால் அதை யாரும் முழுசாக நம்பியதில்லை.

அந்த மைதானத்தில் வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீம் ஆடப் போகிறது, போகிறவர்களுக்கு மொத்தம் நூற்றிருபது டிக்கெட்தான் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெல்டிங் ஷெட்டுக்குள் வந்து விழுந்தது. சோலைமுத்து அப்போது ஒரு இரும்புப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தான். செய்தியைக் கேட்ட பிறகு அவன் போட்ட ஒட்டு, கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து போய்விட்டது.

எங்கள் காலேஜ் என்று நான் சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அது பொய்யில்லை. எழுபத்து மூன்றாம் வருஷ நடுவில் எங்கள் கட்டடக் கம்பெனி எங்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, ஈசா டவுனில் இருந்த டெக்னிக்கல் காலேஜுக்குச் சாயங்கால வகுப்பில் வெல்டிங் படிக்க அனுப்பியது. சர்டிபிகேட் இருந்தால்தான் புது வேலைக்கு ஆள் எடுப்பார்களாம். போன முதல் நாளே போட்டோ பிடித்து, எண் போட்டு, ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். பகலில் படிக்கிற பிள்ளைகளிடம் இருந்த அதே கார்டு. அதே நீலக் கலர். அதில் மாணவர் என்று அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. சோலைமுத்துவுக்கு முப்பத்து மூன்று வயது. எனக்கு முப்பத்தைந்து.

ஷெட்டுக்குப் பின்னால்தான் மைதானம். டீம் பழகும்போது பந்து சுவர் தாண்டி எங்கள் பக்கம் வரும். சோலைமுத்து முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவான். முதல் மாதம் அவன் உதைத்த பந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று. இரண்டாம் மாதம் சுவரைத் தாண்டியது. அப்புறம் எந்தப் பையனுக்கு எந்தக் கால் பலம், எவன் களைத்துப் போனால் இடுப்பில் கை வைப்பான் என்பது வரை அவனுக்கு அத்துப்படி. டீமில் ஒரே ஒரு தமிழ்ப் பையன், தியாகு. பேங்க் ஆபீசர் வீட்டுப் பிள்ளை, வலது ஓரத்தில் ஆடுவான். அவனைச் சோலைமுத்து "நம்ம பய" என்றுதான் சொல்வான்.

எண்ணெய்க் கம்பெனியின் டிரெய்னிங் பள்ளிப் பையன்கள் டிசம்பரில் இங்கே வந்து எங்கள் மண்ணிலேயே மூன்று கோல் அடித்துவிட்டுப் போனார்கள். போகிறவர்கள் சும்மா போகவில்லை. பஸ்ஸில் ஏறி, ஹாரன் அடித்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றி மூன்று சுற்று. கோலுக்கு ஒரு சுற்று. ஷெட் கூரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சோலைமுத்து, கையிலிருந்த தோல் உறையைக் கழற்றி அந்த பஸ் மேலே வீசினான். அது இன்னும் அந்த பஸ் கூரையிலேயேதான் இருக்கும்.

அதற்குப் பதில் மேட்ச்தான் இது. எங்கள் வகுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. கார்டும் முடிகிறது. சோலைமுத்துவின் கான்ட்ராக்டும் முடிந்து மார்ச்சில் அவனுக்கு ஊருக்குக் கப்பல்.

"இதை விட்டா எனக்கு வேற மேட்ச் கிடையாதுடா பழனிச்சாமி" என்றான். "நான் உள்ள போயே ஆகணும்."

"நாந்தான் வேண்டாங்கறனா? டிக்கெட் கெடைக்கோணுமல்ல."

தியாகுவே வந்து நோட்டீசைப் படித்துச் சொன்னான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் ஜன்னல் திறக்கும். ஒரு கார்டுக்கு ஒரு டிக்கெட். அவரவர் நேரில் வர வேண்டும். டிக்கெட் புத்தகத்தில் அவரவர் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த அன்று பதிவேட்டில் போட்டதோடு அது ஒத்துப் போக வேண்டும்.

"போன வருஷம் ஆளுங்களை வெச்சு நிறைய பேர் வாங்கிட்டாங்க அண்ணா. அதான் பிரின்சிபல் இவ்ளோ ஸ்ட்ரிக்ட்" என்றான் தியாகு. "ஆனா நீங்க லேட்டா வந்தா சான்ஸே இல்ல. பசங்க ரெண்டு மணிக்கே லைன்ல பையை வெச்சுடுவாங்க."

"பையி வச்சா எடம் உண்டா?" என்றான் சோலைமுத்து.

"உண்டே. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

சோலைமுத்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் கேம்ப்பில் விடியுமுன் தண்ணீர் லாரி வரும். நானூறு பேரும் போய் நிற்க முடியாது. டின்னை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வோம். டின் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை எவனும் நகர்த்த மாட்டான். நகர்த்தினால் அன்றைக்கு அடிதடிதான். என் கட்டில் எண் பதினான்கு, அவனுடையது பதினைந்து. டின்னிலும் அதே எண் சிவப்புப் பெயிண்டில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை, சைட்டுக்குப் போகிற பஸ் ஈசா டவுன் வழியாகப் போகும்போது, பட்டாணியரான டிரைவரின் தோளைத் தொட்டு, "பாய், தோ மினிட்" என்று இரண்டு நிமிஷம் கேட்டான் சோலைமுத்து. டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். இவன் இரண்டு டின்னோடு குதித்து ஓடினான். ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழே பதினைந்து, அதன் பின்னால் பதினான்கு. காற்றில் உருண்டு போகாமலிருக்க உள்ளே ஆளுக்கொரு கல்.

அன்று சைட்டில் அவன் என்னிடம் மணி கேட்டது எத்தனை முறை என்று எனக்குக் கணக்கில்லை. கையில் வாட்ச் இல்லாத என்னிடமே கேட்டான்.

நாலே முக்காலுக்குக் காலேஜில் இறங்கினோம். முகம் கழுவவில்லை. ஆபீஸ் வராந்தா முழுக்கச் சந்தை மாதிரி இரைச்சல். ஜன்னலிலிருந்து வாசல்வரை பைகள், நோட்டுகள், படம் போடுகிற பலகைகள், ஒற்றைச் செருப்பு ஒன்று. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இப்போது வந்து நெருக்கியடித்து நின்றார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. எங்கள் டின்களைக் காணோம்.

"அந்தா" என்றேன். இரண்டும் மூலையில் குப்பைக்கூடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன.

சோலைமுத்து போய் எடுத்தான். நேரே வரிசையின் முதல் ஆளிடம் வந்தான். உயரமான பஹ்ரைனிப் பையன். யூசுப் என்று பெயர், டீசல் வகுப்பு.

"யே மேரா நம்பர் ஹை" என்று சோலைமுத்து, இது என் முறை என்பதாக, டின்னைத் தூக்கிக் காட்டினான்.

யூசுப் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "யே டப்பா பி ஸ்டூடண்ட் ஹை?"

வரிசையே சிரித்தது. இந்த டின்னும் மாணவனா என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கே வந்தது. சோலைமுத்துவுக்கு வரவில்லை. யூசுப்பின் காலடியில் இருந்த தோல் பையைக் காட்டி, "தும்ஹாரா பேக் ஸ்டூடண்ட் ஹை?" என்றான்.

சிரிப்பு இப்போது அந்தப் பக்கம் திரும்பியது. பின்னால் ஒருவன் கைதட்டினான். யூசுப் டின்னை வாங்கிப் பார்த்தான். சிவப்பு எண்ணை விரலால் தடவினான். தண்ணிக்கா என்று கேட்டான். ஆமாம், கேம்ப்பில் லாரிக்கு என்றேன் நான். எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்று கேட்டான். விடிகாலை ஐந்தரை என்றோம். டின்னைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு வரிசையைப் பார்த்து அரபியில் என்னவோ நீளமாகச் சொன்னான். அவன் அம்மாவும் முன்பெல்லாம் முஹரக் ஊரில் தெருக்குழாயடியில் இப்படித்தான் டின் வைப்பாளாம், அதை யாராவது தள்ளினால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவாளாம். இதை எங்களுக்கு இந்தியில் திருப்பிச் சொல்லிவிட்டு, "யல்லா", ஆகட்டும் என்று பின்னால் நகர்ந்துகொண்டான்.

அப்படியாக முதல் இடம் சோலைமுத்துவுக்கு. இரண்டாவது எனக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே நூற்றிருபது மஞ்சள் டிக்கெட் கட்டு மேஜைமேல் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு ஜன்னல் திறந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் மீரா சாகிப். நாகூர்ப் பக்கத்துக்காரர், காலேஜ் ஆபீசில் கிளார்க். கணக்கில் ஒரு புள்ளி தவறினால் புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதுகிற மனிதர்.

"கார்டு" என்றார். சோலைமுத்து கொடுத்தான். "இந்தா, உன் நம்பருக்கு நேரே போடு."

சோலைமுத்து பேனாவை வாங்கிச் சட்டையில் ஒரு தரம் துடைத்தான். சோ போட்டான். லை போட்டான். நாக்கு வெளியே வந்துவிட்டது. கடைசி து-வுக்கு வந்தபோது பின்னாலிருந்து "யல்லா, யல்லா" என்று நாலு குரல். அவன் அவசரப்படவில்லை. முடித்து ஒரு புள்ளியும் வைத்தான்.

மீரா சாகிப் அதைப் பார்த்தார். பெரிய பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"இங்கே ரேகையில்ல இருக்கு?"

"அது அப்போண்ணே. போன வருசம். இப்போ நான் கையெழுத்துல்ல போடுறேன்."

"நீ போடுவே வாப்பா. ஆனா பதிவேட்டிலே ரேகை இருக்கு. டிக்கெட் புக்கிலே கையெழுத்து இருக்கு. நாளைக்கு பிரின்சிபல் பார்த்தா, இது வேற ஆளும்பார். மை இதோ இருக்கு. விரலை வையி."

"வைக்க மாட்டேன்."

 அவன் கேம்ப்பில் எழுதப் படிக்கக் கற்ற பிறகு, சம்பளத் தாளில் கைரேகை வைக்க மாட்டேன் என்று டைம் கீப்பரோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்றவன். கடைசியில் டைம் கீப்பர்தான் இறங்கி வந்தார். இப்போது இங்கே விரலை நீட்டினால், பின்னால் நிற்கிற எங்கள் ஆள் ஒருத்தன் டைம் கீப்பரிடம் போய்ச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"ஏப்பா, நான் வெச்சுப் போடறேன், பாரு" என்று நான் குறுக்கே கையை விட்டு, மையில் தொட்டு, என் எண்ணுக்கு நேரே அழுத்தினேன். எனக்கும் பதிவேட்டில் ரேகைதான். மீரா சாகிப் கண்ணாடியை இறக்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மஞ்சள் டிக்கெட் ஒன்றைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "பாத்தியா? இவ்ளோதான். மேட்ச் வேணுமா, ரோசம் வேணுமா, நீயே சொல்லு."

சோலைமுத்து என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தான்.  சட்டென்று பெருவிரலை மையில் குத்தி, புத்தகத்தில் வைத்தான்.

எடுத்தபோது அங்கே ஒரு கறுப்பு வட்டம். கோடு ஒன்றுகூட இல்லை.

"இன்னொரு தரம்" என்றார் மீரா சாகிப். இன்னொரு கறுப்பு வட்டம். அவரே அவன் விரலைப் பிடித்து மெதுவாக உருட்டி வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "என்னாய்யா இது, விரலா, கூழாங்கல்லா?"

இரண்டு வருஷம் அவன் சிமெண்ட் குழைத்தவன். அப்புறம் எட்டு மாதம் சூட்டுத் தகடு. கோடெல்லாம் எங்கே இருக்கும்?

"அப்போ நான் யாருண்ணே?" என்றான் சோலைமுத்து. அவன் வேடிக்கையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

"நீ யாருங்கறது எனக்குத் தெரியும் வாப்பா. புக்குக்குத் தெரியாதே. ரேகை சரியா விழலேன்னா சாட்சிக் கையெழுத்து வேணும். பதிவேட்டிலே கையெழுத்து உள்ள மாணவன் ஒருத்தன் உன் வரியிலே போடணும். ஆனா ஒருத்தனுக்கு ஒரு கையெழுத்துதான். உனக்குச் சாட்சி போட்டவனுக்கு டிக்கெட் கிடையாது. சரி, ஒதுங்கி நில்லு. அடுத்த ஆள்."

"என் எடம்?"

"எடம் உனக்குத்தான். டிக்கெட்டை நான் எடுத்து வைக்க முடியாது. இருக்குற வரைக்கும் வா."

யூசுப் தன் டிக்கெட்டை வாங்கினான். சோலைமுத்து அவனைப் பார்த்தான். யூசுப் தரையைப் பார்த்தான். பாவம், அவன் மட்டும் என்ன செய்வான்? இடத்தை விட்டுக் கொடுக்கலாம். மேட்சை எப்படி விட்டுக் கொடுப்பது? கட்டு குறைய ஆரம்பித்தது. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பத்து.

நான் சாட்சி போடுகிறேன் என்றேன். "உன் பேரே ரேகையிலேதான் நிக்குது, நீ எங்கேருந்து சாட்சி?" என்றார் மீரா சாகிப், தலையை நிமிர்த்தாமலே.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றிய நல்ல யோசனை அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சாகிப்பண்ணா, ஆடற பசங்களுக்கு டிக்கெட் உண்டுங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க டீம் வேனிலே போறாங்க. அவங்க வரி எல்லாம் காலியாத்தான் கெடக்கும்."

சொல்லிவிட்டு அவரே பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "ஓடு" என்றார்.

ஓடினேன். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவோடு ஓடினேன். ஷெட்டைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, சுவர் இடிந்த இடத்தில் ஏறிக் குதித்தேன். மைதானத்தில் கார்னர் பழகிக்கொண்டிருந்தார்கள். கொடிப் பக்கத்தில் தியாகு.

"தம்பி! வா, ஒரு கையெழுத்து!"

அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு மிஸ்ரி கோச்சிடம் ஓடினான். கோச் விசிலைக் கடித்தபடி முடியாது என்று தலையாட்டினார். மாஃபி. எகிப்துக்காரர் மாஃபி என்றால் மாஃபிதான். தியாகு திரும்பி வந்தான்.

"என் கார்னர்ல ஒரு கோல் விழாம யாரும் நகரக்கூடாதுங்கறார் அண்ணா."

"அப்போ போடு கண்ணு, போடு!"

முதல் பந்து கோலுக்குப் பின்னால் போயிற்று. இரண்டாவது கோல்கீப்பர் ஜாசிமின் கைக்கே நேராகப் போயிற்று. "ஜாசிம், விட்டுர்றா!" என்று தியாகு கத்தினான். ஜாசிம் எதற்கு விடுவான்? எனக்கு அங்கே நூறு, தொண்ணூறு, எண்பது என்று கட்டு இளைப்பது கண்ணில் ஓடியது. மூன்றாவது பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நாலாவது பந்து வளைந்து வந்தது, நடுவில் ஒருத்தன் எழும்பி நெற்றியால் இடித்தான், வலை குலுங்கியது. கோச் விசிலை வாயிலிருந்து எடுப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் சுவரேறிவிட்டோம்.

வராந்தா சிமெண்டுத் தரையில் தியாகுவின் ஆணி பூட்ஸ் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் போட்டது. வரிசை இன்னும் வாசல்வரை நின்றது. ஜன்னல் ஓரத்தில் சோலைமுத்து டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யூசுப். டிக்கெட் வாங்கியவன் வீட்டுக்குப் போகாமல், கிழிகிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து வரிசையைப் பின்னால் தள்ளினான்.

"சித்தா! சித்தா பாக்கி!"

ஆறுதான் பாக்கி.

தியாகு மூச்சு வாங்கிக்கொண்டே கறுப்பு வட்டங்களுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். வியர்வை ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. மீரா சாகிப் முகத்தைச் சுளித்தார். ஆனால் புதுத் தாள் எடுக்கவில்லை.

"இந்த மைக் கறைக்குக் கீழே, இது யாருடைய ரேகைன்னு பேரு எழுதணும். வழக்கமா நான்தான் எழுதுவேன்" என்றார். புத்தகத்தைச் சோலைமுத்து பக்கம் திருப்பினார். "நீயே எழுது. சீக்கிரம்."

இந்தத் தடவை யல்லா சொன்னவன் வாயை யூசுப் கையால் பொத்தினான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் காலேஜ் பஸ்கள் வேலி வாசலில் நின்றன. காவல்காரன் ஒவ்வொருவர் கார்டையும் டிக்கெட்டையும் சேர்த்துப் பார்த்தான். அவன் கேட்பதற்கு முன்பே, முன்னால் நாலு ஆள் இருக்கும்போதே, சோலைமுத்து இரண்டையும் நீட்டியபடி நின்றான். உள்ளே போனதும் முதல் வேலையாகக் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குக் கீழே கையை விட்டு ஒரு புல்லைக் கிள்ளி மோந்து பார்த்தான். "நெசந்தான்டா" என்றான்.

வெளியிலிருந்து வந்த எங்களுக்கு ஒரு கோலுக்குப் பின்னால் மேற்குப் பார்த்த பலகைகள். சூரியன் நேரே மூஞ்சியில். எதிர்ப்பக்கம் நிழலில் அவர்கள் ஆள் ஆயிரம் பேர், மேளம், பித்தளைத் தட்டு, ஹாரன். நாங்கள் நூற்றிருபது பேர். யூசுப் எங்களுக்கு ஒரு அரபிப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தான். அர்த்தம் கேட்காமல் பாடினோம். அர்த்தம் நல்லதாக இருந்திருக்காது என்று அவன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. முதல் பாதி யாருக்கும் கோல் இல்லை. ஜாசிம் இரண்டு பந்தைக் காப்பாற்றினான். மூன்றாவதைக் கம்பம் காப்பாற்றியது.

இரண்டாம் பாதியில் எங்கள் பையன்கள் தூரத்துக் கோலைப் பார்த்து ஆடினார்கள். சூரியன் சரியாக அந்தக் கோலுக்கு மேலே இறங்கி நின்றது. நூற்றிருபது பேரும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தோம். தெரிந்ததெல்லாம் மஞ்சள் வெளிச்சமும் அதற்குள் ஓடுகிற சில நிழல்களுந்தான்.

"வலது ஓரத்துல ஒருத்தன் போறான். நம்ம பயதானடா?"

"ஓட்டத்தைப் பாத்தா அப்புடித்தான் இருக்குது."

"போடுறா! இப்ப உள்ள போடுறா!"

நிழல்கள் ஒன்றாகக் குவிந்தன. ஒருவன் எழும்பினான், அல்லது இரண்டு பேர். பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சோலைமுத்து என் தோளைப் பிடித்து நெரித்தான். அப்போது எதிர்ப்பக்கத்து மேளம் நின்றது. தட்டு நின்றது. ஹாரன் நின்றது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏன்டா நிறுத்திட்டானுங்க?" என்றான் சோலைமுத்து.

யூசுப்புக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் போட்ட கூச்சலில் எங்கள் பலகை அதிர்ந்தது. அப்புறம் யார் யாரைத் தூக்கினார்கள், யார் யார் மேலே விழுந்தார்கள் என்று நான் சொல்ல முடியாது. என் முண்டாசு போயிற்று. யாரோ ஒரு பஹ்ரைனிப் பையன் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

"யாருடா அடிச்சது? யாருடா?" என்று சோலைமுத்து எல்லாருடைய சட்டையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. மேட்ச் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அவன் உட்காரவில்லை. எங்களையும் உட்கார விடவில்லை.